உன் நிலத்தின் முதல் சால்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நம் பழைய குட்டி டிராக்டரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ன, தெரியும். உனக்குச் சளி பிடித்தது, பிறகு விட்டது, நீ அறை மாறியது, புது அறையில் ஜன்னல் கதவு சரியாக மூடாதது எல்லாம் உன் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றவள் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், என் பெண்ணின் சளியைப் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுக்கொள்கிறேன். சரி, இருக்கட்டும். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துவார், அதனால்தான் எழுதுகிறேன். அவருக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது, இப்போது நான் முறைப்பது நன்றாகத் தெரிகிறதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். தெருக்கோடியில் இருக்கிற காலி மனையை நீ எடுத்திருக்கிறாய், வேலையை விட்டுவிட்டு வந்து அங்கே நாற்றுப் பண்ணை வைக்கப் போகிறாய் என்று எங்களிடம் சொன்னாய். அப்பா தலைகால் புரியாமல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அந்த நிலத்தை யார் உழ வேண்டும் என்பதை மட்டும் சித்தியிடம் சொல்லியிருக்கிறாய். அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டே, "அக்கா, உங்க பொண்ணு நிலத்த நான்தான் உழணுமாம், அம்மாவுக்கு முழங்கால் வலி, அவங்களக் கஷ்டப்படுத்தாதீங்கன்னு சொல்லுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே வந்து நான் பாத்திரம் கழுவிய சத்தத்தில் உன் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஏண்டி, முழங்கால் வலி நடக்கிறவளுக்கு, உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவளுக்கு என்ன வலி? கிளட்ச்சை எதால் மிதிப்பாய் என்று அப்பா கேட்டார், அவர் கிடக்கிறார்.

எனக்குப் பொறாமைதான். எதற்கு மூடி மறைக்க வேண்டும்? இந்தத் தெருவில் முதலில் டிராக்டர் ஏறியவள் நான். யார் வீட்டுப் பின்பக்கம் கொத்த வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், ஐந்து கொழு வைத்த அந்த ஒரே கொத்துக் கலப்பையை மாட்டிக்கொண்டு நான் போனால் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். அப்போது என் ஓரகத்தி, அதுதான் உன் அருமைச் சித்தி, "சத்தம் காதைக் கிழிக்குதுக்கா" என்று ஜன்னலைச் சாத்துவாள். இன்று அவளிடம் பளபளவென்று புது வண்டி, அதற்குப் பின்னால் மாட்ட, மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், நடவுக்கு மேடு கட்டிப் பார் போடும் கலப்பை, சட்டிக் கலப்பை, புல்வெட்டி, குழி தோண்டும் திருகு என்று கொட்டகை முழுக்க வரிசையாக நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் பழைய போர்வை வேறு போர்த்தி வைத்திருக்கிறாள், குழந்தைக்குக் குளிராமல் இருக்க. இதெல்லாம் போதாதென்று நீ வேலை பார்க்கிற டிராக்டர் கருவிக் கிடங்கிலிருந்தே தேர்ந்தெடுத்து அவளுக்கு ஒரு மண் தள்ளும் பிளேடு அனுப்புகிறாயாம். அவள் கேட்டாளாம், நீ உடனே சரி சித்தி என்றாயாம். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு வேளை சமையலே முடித்திருக்கலாம்.

நான் கேட்க மாட்டேன். கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை, அது உனக்கே தெரியும். அதனால் பழைய இயந்திரம் வாங்கி விற்கிறாரே, கிரீஸ் அண்ணன், அவர் கடைக்கு நானே போனேன். தகரக் கொட்டகைக்குப் பின்னால், துருப்பிடித்த கதவுகளுக்கு அடியில், மண்ணைப் புரட்டிப் போடும் ஒற்றைக் கலப்பை ஒன்று கிடந்தது. சித்தியிடம் எல்லாம் இருக்கிறது, இது இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். கொழு தேயவில்லை, மண்ணைப் புரட்டும் பலகை மட்டும் துரு, ஒரு நாள் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினேன். கலப்பையைத் தாங்குகிற நம் வண்டியின் பின்பக்கக் கைகளில் செருகும் இரும்புப் பின் சின்னது, கலப்பைக்குத் துளை பெரியது, மாட்டினால் லொடலொடவென்று ஆடியது, கிரீஸ் அண்ணன் உள்ளே புஷ் என்று ஒரு இரும்பு வளையம் கடைந்து போட்டுக் கொடுத்தார். மண்ணில் இறக்கியதும் முன்சக்கரம் குதிரை மாதிரி மேலே தூக்கிக்கொண்டது, முன்னால் எடை கட்ட வேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. உன் அப்பா வைத்திருந்தாரே இரும்புத் தூக்குக் கட்டைகள், உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று வாங்கி ஒரு நாளும் தூக்காதவை, அவற்றை பம்பருக்கு மேலே கட்டிவிட்டேன். அவை முதல்முறையாக உழைக்கின்றன.

பிறகென்ன, உழுதேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாக உழுதது. மண் அப்படியே கரும்பச்சைப் புல்லோடு புரண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கும், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். அந்த ஆசையில்தான் தப்பு நடந்தது. நம் தோட்டத்துக்கும் சித்தி தோட்டத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான் என்பது உனக்குத் தெரியும். நான் உழுவது அவள் கண்ணில் பட வேண்டும், அதனால் எப்போதும் அந்த வரப்போரத்திலிருந்துதான் தொடங்கினேன், அவள் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் போதும், நானும் வண்டியை எடுத்தேன். அவள் ரோட்டவேட்டர் ஓட்டினால் நான் உழுதேன், அவள் புல் வெட்டினாலும் நான் உழுதேன். "உழுத நிலத்தையே எத்தன தடவ உழுவ?" என்று அப்பா கேட்டார், மண் பொலபொலவென்று ஆக வேண்டாமா என்று வாயடைத்துவிட்டேன்.

மழை வந்ததும் மூக்கு உடைந்தது. நம் தோட்டத்தின் நடுவே தண்ணீர் குளமாக நின்றது, ஒருவழியாக உழவை முடித்து நான் நட்ட தக்காளிக் கன்றுகள் கழுத்தளவு நீரில் தத்தளித்தன. அந்தப் பக்கம் பார்த்தால் சித்தியின் பீன்ஸ் பந்தல் சரிந்துவிடும் போலக் காய்த்துக் குலுங்குகிறது. என்ன உரம் போட்டாளோ, எதை எங்கே வாங்கி வந்தாளோ என்று இரண்டு நாள் நான் புழுங்கினேன், அவள் கொட்டகைக்குள் உர மூட்டை தெரிகிறதா என்று எட்டிக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் வரப்பைத் தேடினேன். வரப்பைக் காணோம். அந்தக் கலப்பை மண்ணை வலப்பக்கமாகத்தான் தள்ளும், நான் ஒவ்வொரு தடவையும் வரப்பை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரே சுற்றாகச் சுற்றியிருக்கிறேன். அதனால் நம் வீட்டு மேல்மண், நான் வருஷக்கணக்காகச் சருகும் சாணமும் போட்டுத் தேற்றிய கறுப்பு மண், வரப்பைத் தாண்டிச் சால் சாலாக அவள் பக்கம் போய்ப் படுத்திருக்கிறது. அவள் பீன்ஸ் காய்த்தது என் மண்ணில். நான் யாரைப் பார்த்து வயிறெரிந்தேனோ அவளுக்கு நானே டீசல் செலவழித்து மண் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இதை உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

அவளுக்கு இது முன்னமே தெரியும். வாளி நிறைய பீன்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, நீங்க உழ உழ எனக்கு மண்ணு வருது, சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு சொல்லல" என்றாள். கள்ளி! ஆனால் அவளே, "விடுங்கக்கா, உங்க பொண்ணு அனுப்புன பிளேடு வந்திடுச்சு, நானே மாட்டி மண்ண உங்க பக்கம் தள்ளிக் குடுத்துடறேன்" என்றாள். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது, யோசித்துப் பார். என் மண், என் பெண் அனுப்பிய பிளேடு, அவள் வண்டி. அவள் வந்து எனக்குத் தானம் செய்கிற மாதிரி தள்ளிவிட்டுப் போக, நான் ஓரத்தில் நின்று தலையாட்ட வேண்டும், பிறகு உன் நிலத்திலும் அதேபோல நின்று பார்க்க வேண்டும். அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்று சொன்னேன், தக்காளி அழுகிக்கொண்டிருந்ததே.

பெட்டியைப் பிரித்து, பிளேடை இறக்கி, அவள் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினாள். மாட்டப் போனால் மாட்டவில்லை. அவள் வண்டியின் இரண்டு கைகளும் அகலம், பிளேடின் காதுகள் நடுவிலேயே நின்றுவிட்டன, பின் வேறு அவள் துளையில் குச்சி மாதிரி ஆடியது. வண்டியை முன்னே எடுத்தாள், பின்னே எடுத்தாள், சுத்தியலால் தட்டினாள், உன் அப்பா வந்து தட்டினார். "உங்க பொண்ணு அளவு கேக்கவே இல்லையேக்கா, எனக்கே மனசுல இருக்கு சித்தின்னு சொல்லுச்சே" என்று அவள் விழித்தாள். நான் குனிந்து அந்தப் பின்னைப் பார்த்தேன். அது என்ன அளவு என்று எனக்குத் தெரியும், உன் கட்டைவிரல் அளவு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு ஓடிவருவாயே, நான் வண்டியைப் பின்னால் எடுக்க எடுக்க நீ கலப்பைக்குப் பக்கத்தில் நின்று, துளைக்கு நேரே துளை வந்துவிட்டதா என்று கட்டைவிரலை விட்டுப் பார்ப்பாயே, எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், விரல் போய்விடும் என்று. சித்திக்குத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்த உன் மனதில் இருந்த அளவு நம் வண்டியின் அளவு! அந்தப் பிளேடு நம் வண்டியில் ஒரு தட்டும் இல்லாமல் கிளிக்கென்று உட்கார்ந்தது.

சித்தியின் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். "உங்க பொண்ணுக்கு டிராக்டர்னா உங்க டிராக்டர்தான்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வண்டி சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய பையன்கள் இரண்டு பேரும் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை, அந்தப் போர்வை மடிப்பதும் பின் போடுவதும் எல்லாம் அவள் ஒருத்திதான். அவள் முகம் வாடியதில் எனக்குச் சந்தோஷம்தான். ரொம்ப இல்லை, கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் நன்றாக இருந்தது. வண்டியில் ஏறி என் மண்ணை நானே இழுத்துக்கொண்டேன், "என் மண்ணையும் சேத்து இழுத்துடாதீங்கக்கா" என்று அவள் பந்தலுக்கு முன்னால் காவல் நின்றாள், இருந்தும் ஒரு கூடை அதிகமாக வந்திருக்கலாம், அது அவள் சொல்லாமல் இருந்ததற்கு. இப்போது அழுகிய கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, நடுவிலிருந்து தொடங்கி உள்பக்கமாகப் புரளும்படி உழுகிறேன், பள்ளம் தூர்ந்துவருகிறது.

ஆகவே கேட்டுக்கொள். உன் நிலத்தின் முதல் சால் நான்தான் போடுவேன். அது நெடுநாள் கிடந்த மனை, கட்டாந்தரை, ரோட்டவேட்டர் மேலே மேலே குதிக்கும், முதலில் மண்ணைப் புரட்ட வேண்டும், புரட்டுகிற கலப்பை என்னிடம்தான் இருக்கிறது. இதைச் சித்தியே ஒப்புக்கொண்டாள், நீ வேண்டுமானால் கேட்டுப்பார், வேண்டாம், கேட்காதே. நான் புரட்டி, பிளேடால் நிரவிக் கொடுத்த பிறகு அவள் வந்து ரோட்டவேட்டர் ஓட்டட்டும், பார் போடட்டும், அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வலிக்கு முழங்காலில் பட்டை போட்டிருக்கிறேன், கிளட்ச்சுக்கும் கிரீஸ் அண்ணன் எண்ணெய் விட்டுவிட்டார், பூ மாதிரி இறங்குகிறது. நீ வந்து பக்கத்தில் நின்று பின் போட்டால் போதும். விரலை விட்டுப் பார்க்காதே, இத்தனை வயதுக்குமேல் உன்னைத் திட்ட எனக்குத் தெம்பில்லை.

அந்த ஜன்னல் கதவுக்கு மடித்த அட்டையைச் சொருகிவை, சளி திரும்பி வரும். எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், நீ நடுகிற ஒவ்வொரு கன்றும் வேர் பிடிக்க வேண்டும், எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு, அப்பாவும் சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. அளவு தப்பிவிட்டது, வேறு பிளேடு மாற்றி அனுப்புகிறேன் என்று சித்தியிடம் சொல்லிவிடாதே, அவள் கேட்டாலும் சொல்லாதே, வேண்டுமென்றால் நான் இரவல் கொடுக்கிறேன், அவள் வண்டியில்தான் மாட்டாதே. இன்னொன்று, பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்தால் அவள் வீடுதான் முதலில் வரும், வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள். கையை மட்டும் ஆட்டிவிட்டு நிற்காமல் நேரே நம் வீட்டுக்கு வா.

உனக்காக வண்டியைக் கழுவித் துடைத்துவைத்துக் காத்திருக்கும்,
உன்னைப் பெற்ற அம்மா