மதிலில் வைத்த சோறு

தை 9, வியாழன்.

இன்று அப்பாவின் திதி. மதிலில் வைத்த சோற்றைக் காகம் எடுத்தால்தான் அம்மா சாப்பிடுவாள். மூன்று மணி வரை ஒன்றும் இறங்கவில்லை. "உங்கப்பாவுக்கு எம்மேல உள்ள கோவம் இன்னும் தீரல போலட்டி," என்று கீழே புலம்பிக்கொண்டிருந்தாள்.

காரணம் எனக்கு மதியமே தெரிந்துவிட்டது. மாடியில் கறுப்புத் துணி கட்டி, அதன் மறைவில் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். துணியைக் கண்ட காகங்கள் பாதி வழியிலேயே திரும்பின. அவிழ்க்கலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் ஆற்றுப் பக்கமிருந்து அரசவால் ஈப்பிடிப்பான் வந்து, நான் வைத்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அமர்ந்தது. உடம்பெல்லாம் வெள்ளை. ரிப்பன் போன்ற நீண்ட வால் தண்ணீரில் பைய மிதந்தது. பத்து நாளாகக் காத்திருந்த பறவை. அம்மாவின் பசி எனக்கு மறந்தே போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடத்தான் படத்தோடு இறங்கினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"உங்கப்பாவும் வேட்டிய இப்படித்தான் தரையில புரள விட்டு நடப்பாவ," என்றாள். பிறகு இலை போட்டு உட்கார்ந்தாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள்.

துணியைப் பற்றிப் பேச்செடுக்காமல் ரசம் ஊற்றினேன். அந்தத் துணி மாடியில் இன்னும் படபடத்துக்கொண்டிருக்கிறது.