மாதம் தவறாமல் வருகிறவள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, அப்படியே போய்விட்டது. என் கஸ்டமர்கள் மாதிரி.

பதினொரு மணிக்குக் கரண்ட் கட். லேம்ப் எரியாமல் நகத்தில் ஜெல் காயாது. பேங்க் பெண்ணுக்கு ஒரு கை முடிந்து மறு கை பாக்கி. காத்திருந்து பார்த்தாள். ஒரு கை மினுமினு, ஒரு கை மொட்டை. அப்படியே எழுந்து, “அப்புறம் வர்றேன்க்கா” என்று போய்விட்டாள். மறு கைக்காவது வருவாள். அதற்குப் பிறகு வரமாட்டாள்.

சென்னையில் டிரெய்னிங் கொடுத்த மேடம் சொன்னது: “ஒருத்தர் திரும்பி வரலைன்னா ஏன்னு யோசிச்சு எழுதி வைங்க.” சரி, யோசிப்போம்.

ஷூ கம்பெனிப் பெண்கள்: நீள நகம் ஆகாது. தோலில் கீறல் விழுந்தால் சூப்பர்வைசர் கத்துவார். நானே அந்த லைனில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். பிறகு சோல் ஒட்டுகிற சொல்யூஷன். அதைத் தொட்டுத் தொட்டு ஒட்டினால் எந்தப் பாலிஷும் உரியும். பழி என் மேல்.

வேலூர் நர்ஸ்கள்: டியூட்டியில் நகம் கூடாது, லீவு போட்டால்தான்.

கல்யாணப் பெண்கள்: கல்யாணம் ஒரு தடவைதானே.

மற்றவர்கள்: மாடிப்படி செங்குத்து. பர்வீன் அக்காவின் பார்லருக்குப் புருவம் எடுக்க ஏறுகிறார்கள். அதே ஹாலில் திரை போட்டு ஒரு மூலையில் நான். அந்த நாலடி நடக்கத்தான் மனசு வராது.

ஒரே ஒருத்தி விதிவிலக்கு. ஃபௌஸியா. தோல் மண்டி வீட்டு மருமகள். மாதம் ஒரு தடவை மெரூன் போட வருவாள். நாலைந்து நாளில் அதை எடுக்க வருவாள். இன்றும் வந்தாள். சின்ன நகம், வளவளவென்று பேசாத பெண். கட்டைவிரல் ஓரத்தில் குக்கர் ஆவி பட்ட தழும்பு, பிறை மாதிரி.

கை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். “முகம் வேணாம், கைன்னா எடுத்துக்கோ” என்றாள். எடுத்தேன். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. “நீ ஒருத்திதான்மா மாசம் தவறாம வர்றே. எல்லா மாசமும் இப்படியே வரணும்” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு கிளம்பிவிட்டாள். என்ன தப்பாகச் சொன்னேன்?

ஜூலை 9, புதன்

பருப்பு தீய்ந்துவிட்டது. ‘இவர்’ ஒன்றும் சொல்லாமல் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனுக்குக் கிளம்பிவிட்டார். சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன்.

பர்வீன் அக்காவிடம் ஃபௌஸியா விஷயம் சொன்னேன். பல்லில் கடித்திருந்த நூலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நெஜமாவே தெரியாதா, நடிக்கிறியா?”

“இன்னா தெரியாது?”

“நமாஸுக்கு முன்னாடி கை கால் கழுவணும். பாலிஷ் இருந்தா நகத்துல தண்ணி படாது. தொழுவுறவங்க போட மாட்டாங்க.”

“அது தெரியும்க்கா.”

“அப்ப அவங்க எப்பதான் போடுவாங்க? தொழுவ வேணாத நாள்ல. மாசத்துல அந்த அஞ்சாறு நாள். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகி வருஷம் அஞ்சாவுது சுகன்யா. புள்ள இல்ல. நீ போயி மாசம் தவறாம வரணும்னு சிரிச்சிக்கினே வாழ்த்தி அனுப்பியிருக்கே.”

புருவத்துக்குப் படுத்திருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டே “அய்யோ” என்றார்.

பாதி தெரிந்து வைத்திருந்தேன். மீதியை யோசிக்கவே இல்லை. பிறந்து வளர்ந்தது இந்த ஊர். பக்கத்து வீடு, எதிர் வீடு, பள்ளிக்கூட பெஞ்சு, எல்லாம் அவர்கள்தான். ரம்ஜான் கஞ்சி குடித்து வளர்ந்த வாய் இது. என் வாயைத் தைக்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

ஃபௌஸியா வந்தாள், பாலிஷ் எடுக்க. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பஞ்சை ரிமூவரில் நனைத்துத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

“தெரியாம சொல்லிட்டேன்மா.”

“பரவால்லக்கா. சொல்றவங்க எவ்வளவோ பேரு. நீ ஒருத்திதான் தெரியாம சொன்னே.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்புறம் அவளாகவே பேசினாள். இந்தப் பெண் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

“வீட்ல யாரும் கேக்க மாட்டாங்க. என் கையத்தான் பாப்பாங்க. கலர் இருந்தா, ஓ, இந்த மாசமும் இல்லன்னு அவங்களே புரிஞ்சிக்குவாங்க. வாயால சொல்ற வேலை இல்ல பாரு.”

“அப்ப எதுக்கும்மா போட்டுக்கறே?”

“சும்மா உக்காந்து அழறதுக்கு இது எவ்வளவோ மேல்க்கா. எனக்கு மெரூன்னா உசுரு.”

பத்து விரலும் சுத்தமானதும் விரித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ். வரிசையில் நின்று தூக்குவாளியில் வாங்கி வந்தேன். வெங்காயம் தனியாகத் தரவில்லை. எரிச்சல்.

ஃபௌஸியா இன்னும் வரவில்லை. வழக்கமான நாள் போய்விட்டது. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரையை விலக்கிப் பார்க்கிறேன். அவள் இல்லை என்றதும் நிம்மதி. கடை வைத்திருக்கிற எவளாவது இப்படி இருப்பாளா?

இன்று அம்மன் முன்னால் நின்று வேண்டியது: “தாயே, எல்லாக் கஸ்டமரும் வரட்டும். இவ ஒருத்தி மட்டும் வர வேணாம்.” பக்கத்தில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஃபௌ. வரவில்லை! ப. அக்காவிடம் கண்ணால் கேட்டேன். உதட்டில் விரல் வைத்தாள். ஆனால் முகத்தில் பூரிப்பு.

மற்றபடி ஈ ஓட்டுகிறேன். பேங்க் பெண் மறு கைக்கும் வரவில்லை. ஒரு கையோடு எப்படி இருக்கிறாளோ. சென்னை மேடத்தின் மெசேஜ்: “லீவு வருது, வேலைப்பாடு போட்டோ ஸ்டேட்டஸ் போடுங்க. பார்த்தாதான் வருவாங்க.” போனில் தேடினேன். இருப்பதில் நல்லது மெரூன் கைதான். வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. முகம் இல்லை, பெயர் இல்லை. போட்டேன். ‘புதிய டிசைன்கள், வாங்க’ என்று எழுதி, இரண்டு பூவும் வைத்தேன்.

வீட்டில் அவரிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு, யாரு கை?” என்றார். கஸ்டமர் ரகசியம் என்றேன், பெரிய இவள் மாதிரி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம், மிட்டாய். மகன் சட்டையில் சாக்லேட் கறை, போகவில்லை.

ஒன்பது மணிக்கு ஃபௌஸியாவிடமிருந்து போன். குரலே இல்லை.

“அக்கா, அந்தப் போட்டோ எதுக்குக்கா போட்டே?”

நாத்தனார் பார்த்திருக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு என்னிடம்தான் நகம் வைத்தாள், என் நம்பர் அவளிடம் உண்டு. தழும்பைப் பார்த்ததும் அண்ணி கை என்று தெரிந்துவிட்டது. உடனே அம்மாவிடம் ஓடியிருக்கிறாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்லி வீட்டில் எல்லோரையும் ஏமாற்றுகிறாள், மறைத்து மறைத்து பாலிஷ் போட்டுக்கொண்டு வருகிறாள், இதோ ஆதாரம் என்று.

“பழைய போட்டோன்னு சொல்லும்மா!”

“சொன்னேன். நான் சொன்னா யாருக்கா கேக்கறா.”

முகம் வேண்டாம் என்றாள், முகம் எடுக்கவில்லை. அந்த வீட்டில் அவள் முகத்தை யார் பார்க்கிறார்கள், கையைத்தானே பார்க்கிறார்கள் என்று அவள் வாயாலேயே கேட்டவள் நான். புத்தி எங்கே போனது?

ஆகஸ்ட் 16, சனி

ப. அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் திட்டினாள். திட்டட்டும்.

பெரிய வீடு, இருட்டுக் கூடம். மாமியாரை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். ஒல்லியான அம்மா, மெதுவாகப் பேசினார். போனை நீட்டினேன்.

“அம்மா, இது போன மாசம் எடுத்தது. தேதி இருக்கு, பாருங்க. அதுக்கப்புறம் ஃபௌஸியா எங்கிட்ட போடவே இல்ல. சத்தியம்.”

“எங்கிட்ட கண்ணாடி இல்லம்மா. நீ சொன்னா போதும்.”

நாத்தனார் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “தேதியெல்லாம் மாத்தலாம்” என்றாள். அவளும் சின்னப் பெண்தான். அண்ணி ஏமாற்றுகிறாள் என்று நினைத்ததில் அழுதிருக்கிறாள், இமை வீங்கியிருந்தது.

ஃபௌஸியா டீ கொண்டுவந்தாள். நாங்கள் எல்லோரும், நான் உட்பட, அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நகத்தைப் பார்த்தோம். வெறும் நகம். சுத்தமாக இருந்தது.

கிளம்பும்போது மாமியார் என் கையில் ஆற்காடு மக்கன்பேடா இனிப்பு ஒன்றை வைத்தார். “வெளிய சொல்லாதே. நாள் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான். நாங்க துஆ செய்யறோம். நீயும் உங்க சாமிய வேண்டிக்கோ.”

வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்ல வந்தேன். மக்கன்பேடாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். ஃபௌஸியா வாசல் வரை வந்தாள். “நம்பிட்டாங்கக்கா” என்றாள். எனக்குத்தான் பயம். நம்பிக்கையை நான் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடப்பது என் கையிலா இருக்கிறது?

ஆகஸ்ட் 20, புதன்

மழை. மாடிப்படியில் தண்ணீர். பேரணாம்பட்டிலிருந்து ஒரு கம்பெனிப் பெண் தம்பி நிச்சயத்துக்காக நனைந்துகொண்டே வந்தாள். நகத்தைக் குட்டையாக வைத்தேன், லைட் பிங்க். லைனில் போட்டுக்கொண்டு உட்கார முடியாது, நிச்சயம் முடிந்ததும் எடுத்துவிடு என்று நானே சொல்லி அனுப்பினேன். ப. அக்கா சிரித்தாள், “நல்லா பண்றே பிஸினஸ்.”

ஃபௌ. வரவில்லை. ஸ்டேட்டஸ் எதுவும் போடவில்லை. சென்னை மேடம் கேட்டார்கள். போன் பேஜார் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

வெயில். சம்பள சனி, கம்பெனிப் பெண்கள் வருவார்கள் என்று டவல் எல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தேன்.

மூன்று மணி இருக்கும். படியில் செருப்புச் சத்தம். மெதுவாக, ஒவ்வொரு படியாக. எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. திரையை விலக்கவில்லை.

அவளே விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வா என்று சொல்ல முடியவில்லை என்னால். கடைக்கு வந்தவளை வா என்று சொல்லக்கூட முடியாத கடை. ப. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஃபேன் சத்தத்தைக் கூட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கையை டவல் மேல் வைத்தாள்.

“காலைலதான்க்கா.”

“டாக்டர் கிட்ட...”

“போவலாம். அப்புறம் போவலாம். இன்னும் வீட்ல சொல்லல. உடம்பு சரியில்ல, படுத்துக்கறேன்னு ரூம்லயே இருந்தேன். அத்தை கதவைத் தட்டி மாதுளை உரிச்சிக் குடுத்துட்டுப் போறாங்க. எப்படிக்கா சொல்றது?”

நான் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நகம் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஒட்ட வெட்டித்தான் இருந்தது.

“நாந்தான் காரணம். நான் வந்து சத்தியம் பண்ணாம இருந்திருந்தா இவ்வளவு ஆசை வச்சிருக்க மாட்டாங்க.”

“உன் போட்டோவுக்கு முன்னாடியே ஆசை இருந்துச்சு. போடுக்கா. மெரூன்.”

போட்டேன். என் வேலையில் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது இல்லை. ஒவ்வொரு நகத்துக்கும் இரண்டு கோட். ஓரத்தில் பிசிறு இல்லாமல். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

முடிந்ததும் சொன்னாள். “போட்டோ எடு.”

“வேணாம்மா.”

“எடுக்கா. தழும்பு தெரியற மாதிரி எடு. ஸ்டேட்டஸ் போட்டுடு. என் வாயால சொல்ல முடியல.”

மாட்டேன் என்றேன். சண்டை போட்டேன். நேரில் போய் நான் சொல்கிறேன் என்றேன். நீ சொன்னால் உன்னைச் சமாதானம் செய்ய அத்தை டீ போடுவார், அதை என்னால் பார்க்க முடியாது என்றாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட வேண்டாம், உன் நாத்தனாருக்கு மட்டும் காட்டுகிற மாதிரி வைக்கிறேன் என்றேன். தலையாட்டினாள்.

எடுத்தேன். பூ வைக்கவில்லை, எதுவும் எழுதவில்லை. போட்டுவிட்டு போனை டவல் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே பஸ்காரன் வாணியம்பாடி, வாணியம்பாடி என்று கத்திக்கொண்டிருந்தான். நாத்தனார் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது.

கொஞ்ச நேரத்தில் ஃபௌஸியாவின் பைக்குள் போன் அடித்தது. நகம் காயவில்லை. நான்தான் எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தேன். மாமியார் குரல், உருதுவில், மெதுவாக. எனக்குப் புரிந்தது சாப்பிட்டாயா என்று கேட்டது மட்டும்தான். ஃபௌஸியா “ஹான் ஜீ” என்றாள், மறுபடியும் “ஹான் ஜீ”. கண்ணிலிருந்து ஊற்றுகிறது. துடைத்துக்கொள்ள முடியாமல் பத்து விரலையும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சு எடுத்தேன். ரிமூவர் படாத பஞ்சுதானா என்று மோந்து பார்த்துவிட்டு, நானே துடைத்துவிட்டேன்.