ஒற்றை இருமல்

பேரும் புகழுமாக வாழ்கிறவருக்கு,

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் உங்கள் சீட்டோடு வந்திருந்தார். நீங்கள் வயலின் வாசித்த அந்தப் பழைய கச்சேரியின் மூல நாடா வேண்டுமாம். என்னை விட்டுப் போனபோது நீங்கள் எடுத்துப்போக மறந்தது அது ஒன்றுதான். இருமலை மட்டும் நீக்கிவிட்டுப் புதிதாக வெளியிடப் போகிறார்களாம்.

"ஐயாவோட பேர் நூறு வருஷம் நிக்கும்மா," என்றார்.

நிற்கட்டும். நாடாவைப் போன வாரமே இசைக் காப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒரு சத்தத்தைக்கூட நீக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அன்றைக்கு நீங்கள் வில்லை நூலாக இழுத்து, நாதம் ஓயப் போகிற நேரத்தில் முன்வரிசையிலிருந்து நான் இருமினேன். அதற்குப் பிறகு எந்த அரங்கத்துக்குள்ளும் என்னை நீங்கள் விடவில்லை. "இருமல்காரி வீட்லயே கெடக்கட்டும்," என்று நாலு பேர் முன்னால் சிரித்தீர்கள்.

இப்போது இசைக் கல்லூரியில் அந்தக் கச்சேரியின் தட்டைத்தான் பாடமாகப் போடுகிறார்களாம். "அந்த எடம் வந்தா பிள்ளைங்க எல்லாம் சேந்து இருமுதுங்கம்மா," என்றாள் நம் மகள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மேடையேறும் முன் வில்லுக்குப் பிசின் தடவச் சொன்னீர்கள். வயலின் பெட்டியில், பிசின் டப்பாவுக்கு அடியில், இப்போது உங்களோடு இருக்கிறவள் எழுதிய கடிதம் இருந்தது. படித்தேன். பிசினைத் தடவிக் கொடுத்தேன். போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

அன்று எனக்கு இருமலே இல்லை.

இப்படிக்கு,
இருமல்காரி