உங்கள் நோட்டீஸை அழகு என்றேன்

தலைவரே,

இன்று காலை இரண்டாமாண்டு வகுப்புக்கு உங்கள் மஞ்சள் நோட்டீஸை எடுத்துப்போனேன். படிப்பவர் மனத்தை மாற்றும் உரைநடைக்கு வருடாவருடம் அதைத்தான் காட்டுவேன். இன்று முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. தொண்டை சரியில்லை என்று பொய் சொல்லி வகுப்பை விட்டுவிட்டேன். உங்களை நேற்றுத்தான் எரித்திருந்தோம்.

எங்கள் தெரு வழியாகப் போனால் சுடுகாடு பக்கம். உங்கள் ஆட்களின் பிணமும் அதோடு போகிறவர்களும் மட்டும் வயல் வரப்பில் சுற்றிப் போய், அப்படியே திரும்ப வேண்டும். அதை மாற்றக் கேட்டுத்தான் அந்த நோட்டீஸ். தையல் கடை நடத்திக்கொண்டே பல ஊர்களில் உரிமைக்காக நின்றவர் நீங்கள். கோர்ட்டுக்குப் போகத் தெரியாதவரல்ல. ஆனாலும் முதலில் எங்களிடம் பேசிப் பார்த்தீர்கள்.

என்ன கெட்டிக்காரத்தனம் அந்த எழுத்தில். “நாம் எல்லாரும் ஒரே குளத்துத் தண்ணீரில் விளைந்ததைத்தான் தின்கிறோம்” என்று தொடக்கம். நாங்கள், நீங்கள் என்ற பேச்சே இல்லை. திட்டக் காரணம் ஆயிரம் இருந்தும் ஒரு வசவு இல்லை, கெஞ்சலும் இல்லை. “பிணத்துக்கு என்ன சாதி என்று கேட்க வரவில்லை. தூக்குகிறவனுக்குக் கால் வழுக்குகிறது, அதைச் சொல்ல வந்தோம்.” கோபப்படவென்றே வாசிப்பவனுக்கும் இந்த இடத்தில் கோபம் வராது. பிறகு அந்தக் கடைசி வரி: “செத்தவர்கள் அந்த வரப்பில் இன்னொரு முறை சாகிறார்கள்.”

உங்கள் கடையில் வைத்து வாசித்துவிட்டு, “கடைசி வரி கொஞ்சம் மிகைதான். ஆனா அழகு” என்றேன்.

துணியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னீர்கள்: “அழகு கெடக்கட்டும் சாரே. ஊர்க்கூட்டத்துல எழும்பி ஒரு வார்த்த சொல்லுவியளா?”

“பாப்போம்” என்றேன்.

கூட்டத்தில் நோட்டீஸ் கைமாறி வந்தது. அதுவரை சத்தம் போட்டவர்கள்கூட வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டத்தை நடத்திய என் சித்தப்பா, “நீ காலேஜ் வாத்தியாரில்லா மக்கா, என்ன சொல்லுக?” என்று கேட்டார்.

“எழுத்து ரொம்ப நல்லாருக்கு” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். இறுக்கம் விட்டது, பேச்சு கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாறிவிட்டது. நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய அமைதியை நான்தான் கலைத்தேன். பிறகு கோர்ட்டுக்குப் போனீர்கள், வழக்கு இன்னும் இழுக்கிறது. ஆனால் என்னிடம் ஒருநாளும் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் எனக்கு இவ்வளவு கூசாது.

நேற்று நல்ல மழை. தூக்கியவர்களின் பின்னால் நானும் வரப்பில் நடந்தேன். முன்னால் போனவருக்குக் கால் வழுக்கி, பாடை சரிந்து, நீங்கள் வயல் தண்ணீரில் விழுந்தீர்கள். உங்கள் மகன் இறங்கி உங்கள் முகத்துச் சேற்றைத் துண்டால் துடைத்தான். “ஒண்ணுமில்லப்பா, இன்னும் கொஞ்ச தூரந்தான்” என்று உங்களிடம் சொல்லிக்கொண்டே துடைத்தான். மிகை என்று சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

எரித்து முடித்ததும் எல்லோரும் வந்த வரப்பிலேயே திரும்பினார்கள். என் கால் பழக்கத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. யாரும் தடுக்கவில்லை. வாசலில் நின்ற சித்தப்பா, “எங்க மக்கா போயிட்டு வாற, வேட்டியெல்லாம் நனஞ்சு கெடக்கு?” என்று கேட்டார்.

“சும்மா, வயல் வரைக்கும்” என்றேன். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை, தலைவரே.