தினமும் நான் செய்வது

பெரியவனின் அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா?

என் விசாவைப் புதுப்பிக்கப் போன அன்று ஆபீசில் அதிகாரி, முதலாளியம்மா, அவள் புருஷன், நான் இருந்தோம். தினமும் என்ன செய்கிறாய் என்று கேட்டால், "ஐ ரெஸ்ட், ஐ ஈட் வித் ஃபேமிலி" என்று சொல்ல முதலாளியம்மா பழக்கியிருந்தாள். பயத்தில் பாடம் மறந்து, நிஜம் வாயில் வந்துவிட்டது.

"ஐ குக். ஐ வாஷ். ஐ ஸ்லீப் கிச்சன்."

வீட்டுக்கு வந்து பார்ப்பதாக அதிகாரி சொன்னார். இன்னும் வரவில்லை.

"நல்லா மாட்டிவிட்டே ஆயா! இனிமே ஊரை மறந்துடு" என்றாள் முதலாளியம்மா, திரும்பும்போது காரில். இப்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். சமையலறை பல்பையும் கழற்றிவிட்டாள். கவலைப்படாதீர்கள்.

லீவில் நம் ஊருக்கு வரும் பக்கத்து வீட்டு டிரைவரிடம் இதை ஜன்னல் வழியாகக் கொடுக்கிறேன். அவர் திரும்பும்போது ஒரு டார்ச் லைட் கொடுத்தனுப்புங்கள்.

கார் சத்தம் கேட்கிறது. முதலாளியம்மாவைக்கூட மன்னிப்பேன். "உக்காந்து சாப்பிடுற வேலை அண்ணி" என்று அனுப்பிவைத்த உங்கள் தங்கையை மன்னிக்கவே மாட்டேன்.