லாரி வெறுமையாகத் திரும்பிய வியாழக்கிழமை

அன்பு மகள் நர்ஜிஸுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். பிரான்ஸில், அந்த லியோனில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்கு அடுத்த வேளைச் சாப்பாடு தொண்டையில் இறங்கும். பேத்தி லினா கணக்கில் முதலாவதாக வந்ததைச் சொல்லாத வீடு நம் தெருவில் பாக்கியில்லை, ரொட்டி வாங்க வருகிறவர்களுக்கு ரொட்டியோடு சேர்த்து அதையும் கொடுத்து அனுப்புகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து இது, பிழை இருந்தால் லினாவையே திருத்தச் சொல், சிரிக்க மட்டும் கூடாது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் ஒரு வரி சொன்னால் அவரிடமிருந்து ஒரு மறுப்பு வருகிறது. பக்கத்து வீட்டு மப்ரூகாவின் மகன் நாளை மறுநாள் அங்கே கிளம்புகிறான், அவனிடம் பொட்டலத்தோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் நீ அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினாய். அப்பா புது ஜனாதிபதியோடு கை குலுக்குவதை டிவியில் பார்த்தேன், கடைசியில் ஒருவராவது சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரே என்றாய். அப்பாவை வாரம் மூன்று நாள் கஃப்ஸாவுக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போக ஆளில்லை என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரப்போவதாக அங்கே எழுதிக் கொடுத்திருந்தாயே, இனி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டாய். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அதனால் நின்றுகொண்டு படிக்காதே, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படி. நீ டிவியில் பார்த்தது பொய்யில்லை மகளே. அவர் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ரிப்பன் வெட்டினார், மெஷினில் இருந்த உன் அப்பாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்தார், எல்லாம் நடந்ததுதான். ஆனால் அது நாலு நிமிஷம். அதற்கு முந்தின நாளும் அதற்குப் பிந்தின பொழுதும் டிவியில் வரவில்லை, அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நீ முடிவெடுக்க வேண்டும்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாததா. வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்துக்குள் எல்லா நோயாளிக்கும் வைத்தியம் என்று இந்தப் புது ஜனாதிபதி தேர்தலில் பேசியதை மனப்பாடமாக ஒப்பிப்பார். கஃப்ஸாவுக்கு லுவாஜ் வண்டியில் எட்டுப் பேரோடு நெருக்கியடித்துப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, நடுவில் நாலு மணி நேரம் ஊசியோடு படுக்கை. இருட்டும் நேரத்துக்குச் சாம்பல் பூசிய முகத்தோடு வீடு வந்து சேர்ந்து, அந்த நிலையிலும் டிவியைப் போடு, அவர் இன்று என்ன சொன்னார் பார்க்கலாம் என்பார். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இவரைப் பிடித்திருக்கிறது என்று டிவிக்காரர்கள் தினமும் சொல்கிறார்கள். நான் நம் தெருவில் விசாரித்துப் பார்த்தேன், ஒருவரிடமும் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. அப்பாவோடு கஃப்ஸாவுக்குப் போய் வரும் நோயாளி சல்லூஹா இருக்கிறாளே, அந்த எட்டுப் பேரும் டிவி நிலையத்திலேயே வேலை பார்க்கிறவர்களாக இருக்கும் என்கிறாள். எனக்கு அந்த மனிதர் மேல் கோபமில்லை, முகமும் நல்ல முகம்தான். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று உன் அப்பாவிடமே சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் முந்தினவர் காலத்தில் ஒரு மந்திரி வந்து கொடி கட்டி ஆம்புலன்ஸ் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா. சாயங்காலம் மந்திரியின் கார்கள் கிளம்பியபோது அந்த ஆம்புலன்ஸும் பின்னாலேயே போயிற்று, போனது போனதுதான். ஒரு தடவை அப்படிப் பார்த்தவளுக்கு ரிப்பனைக் கண்டால் கண் தானாக வாசல் பக்கம் போகிறது.

இந்தத் தடவையும் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். சாலை ஓரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள், கொடி கட்டினார்கள், பூந்தொட்டிகளை எண்ணி எண்ணி இறக்கி ஆஸ்பத்திரி வரைக்கும் வரிசையாக வைத்தார்கள். மப்ரூகாவின் ஆடு ராவோடு ராவாகப் பதினொரு தொட்டியை மொட்டையடித்துவிட்டது. நகராட்சி ஆள் வந்து, இது ஜனாதிபதியின் பூ, தெரியுமா என்று ஆட்டைக் கேட்டான். அது ஓட்டுப் போடாத ஆடு, அதற்கு என்ன பயம் என்று மப்ரூகா சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததே டயாலிசிஸ் அறை, தண்ணீர் சுத்தம் செய்யும் கருவியும் நாற்காலிகளும் இருந்தும் மெஷின் மட்டும் வராமல், அதற்கு இரண்டு புது மெஷின் லாரியில் வந்து இறங்கியது. உன் அப்பா அன்றைக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலையில் நான் தபூனா அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த லாரியை ஓட்டி வந்தவன் வந்தான், ஷுக்ரி என்று பேர், வடக்கே பிஸெர்த் பக்கத்துப் பையன். நாலு ரொட்டி வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை பதினொரு மணிக்கும் சூடாகக் கிடைக்குமா பெரியம்மா, சரக்கு ஏற்றிக்கொண்டு தூரம் போக வேண்டும் என்று கேட்டான். சரக்கைத்தான் இறக்கிவிட்டாயே, போகும்போது என்ன சரக்கு என்று கேட்டேன். அவன் வாயில் ரொட்டி இருந்தது, மென்றுகொண்டே ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஜனாதிபதி வந்து போன கையோடு மெஷினும் போகப்போகிறது என்பது விளங்க எனக்கு மேலே படிப்பு தேவைப்படவில்லை. அடுப்பை அப்படியே மூடிவிட்டு டாக்டர் ஒல்ஃபாவிடம் ஓடினேன், கஃப்ஸாவில் டயாலிசிஸ் பகுதியில் வேலை பழகிவிட்டு வந்த நம் ஊர் ஆஸ்பத்திரிப் பெண், உனக்கு இரண்டு வயது இளையவள். அவளுக்கும் அப்போதுதான் தெரிய வந்திருந்தது, கண் சிவந்திருந்தது. பிறகு நான் கேட்டேன், ஆள் படுத்திருக்கும்போது மெஷினைக் கழற்ற முடியுமா என்று. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முடியாது என்றாள். அப்புறம் ஊரிலிருக்கும் நோயாளிகள் ஏழு பேரின் பேரையும் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தாள். அப்பாவுக்கும் சல்லூஹாவுக்கும் கடைக்காரர் தாஹருக்கும் வியாழக்கிழமைதான் முறை, மற்ற நாலு பேருக்கு வெள்ளிக்கிழமை, ஒரு நாள் முன்னால் செய்தால் கெடுதல் வராது, நான் பக்கத்திலேயே இருப்பேன் என்றாள். விஷயத்தை எல்லோரிடமும் சொன்னோம், உன் அப்பாவிடம் மட்டும் நான் சொல்லவில்லை. அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்த முகத்திடம் எப்படிச் சொல்வது.

வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி வேறு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். நிஜ நோயாளி வேண்டாம், ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யார் என்று சொல்லி, ஆஸ்பத்திரி வாசல் காவல்காரன் ஹம்மாதியை நாற்காலியில் சாய்த்து, குழாயைக் கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். ஹம்மாதியின் கன்னத்தை உனக்குத் தெரியும், மாதுளம்பழம் மாதிரி இருக்கும். டிவிக்காரப் பெண் ஒருத்தி அதற்கு மாவு பூசிப் பூசிப் பார்த்தாள், சிவப்பு அடங்கவில்லை. அப்போது டாக்டர் ஒல்ஃபா டயாலிசிஸ் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, சரி, குத்திவிடலாமா என்று கேட்டபடி வந்தாள். ஹம்மாதி பிளாஸ்திரியோடு ஓடினவன்தான், மத்தியானம் வரைக்கும் கண்ணில் படவில்லை. நான் அந்த டிவிப் பெண்ணிடம் போய், எங்களிடம் நிஜமான ஆளே இருக்கிறார், மாவு பூச வேண்டியதில்லை என்றேன். ஜனாதிபதி வரும் நேரம் நெருங்கிவிட்டதால் அதிகாரியும் வேறு வழியில்லாமல் சரி என்றார். ஒன்பது மணிக்கு அப்பாவும் சல்லூஹாவும் மெஷினில் ஏறினார்கள். பத்து மணிக்கு அவர் வந்தார், நீ பார்த்த நாலு நிமிஷம் அதுதான். பத்தரைக்குக் கார்கள் போய்விட்டன.

பதினொரு மணிக்கு லாரி பின்பக்கமாக வந்து வாசலை ஒட்டி நின்றது. அதிகாரி உள்ளே வந்து, போதும், இறக்கிவிடுங்கள், அடுத்த ஊருக்கு நேரமாகிறது, இது கண்காட்சிக்கு வந்த மெஷின் என்றார். உன் அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன் நர்ஜிஸ். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஜனாதிபதி குலுக்கிய கையை அப்பா இன்னும் மடியில் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். நான் பயந்துவிட்டேன், மனசு உடைந்து போய்க் கழற்று என்று சொல்லிவிடுவாரோ என்று. அவர், கடை வைத்திருந்த காலத்தில் வாடிக்கையாளரிடம் பேசிய அதே குரலில் சொன்னார்:

"இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்கு தம்பி. வெளியே போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க."

அதிகாரி காபி குடித்துவிட்டு வந்தார். ஒரு மணிக்கு அப்பாவை இறக்கியதும் தாஹர் ஏறிப் படுத்தார், சல்லூஹா இடத்தில் வெள்ளிக்கிழமைக்காரர் ஒருவர். வெளியே இன்னும் மூன்று பேர் துணிப்பையோடு வரிசையில். அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார், டாக்டரைப் பார்த்து உன் வேலை போய்விடும் என்றார், அவள் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. டிவிக்காரப் பெண்ணின் வண்டி மட்டும் ஏனோ கிளம்பாமல் நின்றிருந்தது. அவள் வந்து அதிகாரியிடம், ஏற்றுவதாக இருந்தால் சொல்லுங்கள், அதையும் படம் எடுத்துவிட்டே போகிறேன் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். எடுத்திருப்பாளா, எடுத்திருந்தாலும் காட்ட விட்டிருப்பார்களா, எனக்குத் தெரியாது. அதிகாரிக்கும் தெரியவில்லை. அதுதான் நல்லதாயிற்று.

ஆனால் என் மனசில் ஒரு முள் இருந்தது. ஷுக்ரிக்கு ரொட்டி கொண்டுபோனபோது கேட்டேன், மகனே, மறைக்காமல் சொல், வேறு ஊரில் யாருடைய அப்பாவாவது இந்த மெஷினுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாரா, அப்படியானால் இந்த நிமிஷமே ஏற்றிவிடு, நானே எழுப்பிவிடுகிறேன் என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது மூணாவது ஊர் பெரியம்மா. பிளாஸ்டிக் உறையை நான்தான் கழட்டுறேன், நான்தான் திரும்ப மாட்டுறேன். முடிஞ்சதும் கிடங்குக்குத்தான் போகும். ஒரு மனுஷன் இதுல படுத்து இன்னைக்குத்தான் பாத்தேன்."

பொழுது சாயும் நேரத்தில் அவன் தன் தாளில், நோயாளிகள் இணைக்கப்பட்டிருப்பதால் ஏற்ற முடியவில்லை என்று எழுதி, அதிகாரியிடம் கையெழுத்துக்கு நீட்டினான். அவர் எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்தார், போட்டார். அடுத்த ஊருக்குப் போய் என்ன சொல்வாய் என்று ஷுக்ரியைக் கேட்டேன், இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன் என்றான். அந்தப் பிள்ளையின் வண்டிக்கு எந்தப் பாதையிலும் ஆபத்து வரக்கூடாது என்று தினமும் தொழுகையில் கேட்கிறேன்.

மூன்று நாள் கழித்துத் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது, மேதகு ஜனாதிபதி வாக்களித்தபடி பிரிவு இயங்கிவருகிறது, மூன்று மாதத்துக்கான பொருட்கள் அனுப்பப்படும் என்று. டிவியில் ஊரெல்லாம் பார்க்கச் சொன்னதை அவர்களாலேயே திரும்ப விழுங்க முடியவில்லை. உன் அப்பா அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பார், சொன்னதைச் செய்தாரா இல்லையா என்கிறார். செய்தது நீங்கள், எழுந்திருக்காமல் இருந்தீர்களே என்கிறேன் நான். இந்தச் சண்டை தினமும் நடக்கிறது, ஓயாது. நானும் அந்த மனிதருக்கு நன்றி சொல்லாமல் இல்லை, அவர் வராவிட்டால் லாரியும் வந்திருக்காது. ஆனால் என் நன்றி முதலில் அல்லாஹ்வுக்கு, பிறகு அந்த டாக்டர் பெண்ணுக்கு, ஷுக்ரிக்கு, பேர்கூடத் தெரியாத அந்த டிவிக்காரப் பெண்ணுக்கு, பயந்து ஓடினானே ஹம்மாதி, அவனுக்கும்.

இப்போது உன் விஷயம். வேலையை விடாதே, எழுதிக் கொடுத்ததை நாளைக்கே போய்த் திரும்ப வாங்கு. ஆனால் டிவியை நம்பி வாங்காதே, என்னை நம்பி வாங்கு. பொருள் மூன்று மாதத்துக்குத்தான். அந்த அறை பகலில் ஒரு மணி நேரம்கூட ஆளில்லாமல் இருப்பதில்லை, சிகிச்சை இல்லாதபோதும் எங்களில் ஒருத்தி பின்னல் வேலையோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். மெஷின் போனாலோ பொருள் நின்றாலோ உனக்கு மனசு கஷ்டப்படுமே என்று மறைக்க மாட்டேன், அன்றைக்கே சொல்வேன், அப்போது வா. அதுவரை உன் கூடப்பிறந்தவள் மாதிரி டாக்டர் ஒல்ஃபா இருக்கிறாள் என்று நினைத்துக்கொள், அவளுக்கு நீயே ஒரு போன் செய்து பேசு, அவள் வேலைக்கு ஒன்றும் வராமல் இருக்க ஏழு வீட்டிலும் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறோம். பொட்டலத்தில் ஹரிஸா மிளகாய் விழுது, காய்ந்த புதினா, ஆலிவ் எண்ணெய் வைத்திருக்கிறேன், பேரீச்சம்பழம் பிள்ளைகளுக்கு, உன் அப்பாவுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்பதால் வீட்டில் இருப்பதைவிட அங்கே இருப்பது நல்லது. மாப்பிள்ளைக்கு என் சலாம். லினா தலையிலும் தம்பி தலையிலும் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள், அல்லாஹ் உங்கள் நால்வருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனசும் தரட்டும். அந்த வேலைக் கடிதத்தை மறக்காதே.

இன்றைக்கு அவருக்கு முறை. காலை எட்டு மணிக்குத் தானே நடந்து போனவர், இப்போது பகல் வெளிச்சத்திலேயே திரும்பி வந்து, கூஸ்கூஸில் உப்பே இல்லை, இதை மனுஷன் சாப்பிடுவானா என்று அடுப்படியில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். இரண்டு வருஷமாக மெஷின் நாளில் அவருக்குக் கத்தத் தெம்பு இருந்ததில்லை மகளே. நான் போய்த் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன்னை நினைக்காத வேளையில்லாத,
உன் அம்மா ஸுபைதா