வானத்தை அளக்கிறவனுக்கு

தம்பிக்கு,

உன் வானத்தை அளந்து முடித்தாயா? இங்கே அம்மாவை அடக்கம் செய்து முடித்துவிட்டோம்.

நட்சத்திரக் கூட்டங்களின் ஒளி சிவந்தால் அவை விலகிப் போகின்றன என்று போன வருஷம் போனில் பெரிதாக விளக்கினாய். "ஏன்டா, ஒண்ணாவது நம்ம பக்கம் வருதா?" என்று அம்மா கேட்டாள். "ரொம்பக் கிட்ட இருக்கிறது வரும்மா, ஒண்ணையொண்ணு இழுக்கும்ல" என்றாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் கூப்பிட்டபோது, "வானம் தெளிவா இருக்குக்கா, இப்ப விட்டா அளக்க முடியாது" என்றாய். பெரிய மனுஷன்! கோடி வருஷமாக ஓடுகிறவை, நீ அளக்காவிட்டால் நின்றுவிடுமா?

கடைசியில் அம்மா உன்னைத்தான் கேட்டாள். "கிளம்பிட்டான்மா" என்று பொய் சொன்னேன். "எனக்குத் தெரியும்டி" என்று சிரித்தாள். அப்புறம் பேசவில்லை.

அடுத்த மாதம் வருகிறாயாமே. யாரைப் பார்க்க? அம்மாவின் கட்டிலை மடக்கிவிட்டேன். என்னைப் பார்க்க உன் தொலைநோக்கியே போதும்.

அக்காவாக இருந்தவள்